புள்ளி மறைந்த பிறகு: கொக்குவிலில் ஒரு கடல்மீன் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய்

தொட்டி யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு வீட்டு முன்விறாந்தையில் இருக்கிறது. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கல்லும் மணலும் போக ஏறத்தாழ 400 லீற்றர் கடல்நீர் நிற்கும். வீட்டுக்கார அண்ணை மூன்று வருடமாக அதைப் பராமரித்து வருகிறார். ஒரு சோடி குளோன் மீன், ஒரு வண்ணத்துப்பூச்சி மீன், ஐந்து டாம்செல், இரண்டு கிளீனர் இறால், சில துறவி நண்டு, கொஞ்சம் மென்பவளம். மூன்று வருடத்தில் ஒரு மீன்கூட நோயில் சாகவில்லை. அந்த நம்பிக்கையில்தான் மார்கழி (டிசெம்பர்) கடைசியில், கொழும்பில் ஒரு கடையிலிருந்து பவுடர் புளூ ராங் ஒன்றை இரவு பஸ்ஸில் எடுப்பித்தார். ஒட்சிசன் அடைத்த பையில், ஓர் இரவு முழுக்கக் குலுங்கி வந்த மீன். காலையில் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அரை மணித்தியாலத்தில் அவிழ்த்து விட்டுவிட்டார்.

அந்த நாளை 0 என்று வைத்து எண்ணுகிறேன்.

6ஆம் நாள் பவுடர் புளூவின் செட்டையிலும் விலாவிலும் உப்புக்கல் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். அண்ணை இறால் சதையில் உள்ளியை அரைத்துப் பிசைந்து கொடுத்தார். 8ஆம் நாள் எனக்குத் தொலைபேசி எடுத்து, “தம்பி, புள்ளியெல்லாம் போயிட்டுது. உள்ளி நல்ல வேலை செய்திருக்குது” என்றார். எனக்கும் மகிழ்ச்சி. அந்த நேரம் நான் “ஓம் அண்ணை” என்று சொல்லாமல் “புள்ளி எங்கை போனது?” என்று கேட்டிருக்க வேண்டும். இந்த ஒட்டுண்ணியைப் பற்றி வாசித்திருந்தும் கேட்கவில்லை. அந்த ஒரு வாரத்தின் பொறுப்பில் பாதி என்னுடையது.

15ஆம் நாள் தொட்டியில் இருந்த எல்லா மீனிலும் புள்ளி. 16ஆம் நாள் இரண்டு டாம்செல் செத்தன. பொங்கலுக்கு முதல்நாள், 17ஆம் நாள், நான் போய்ப் பார்த்தேன்.

பார்த்ததும் பிரித்தறிந்ததும்

பவுடர் புளூ பம்மின் நீரோட்டத்துக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. செவுள் மூடி ஒரு நிமிடத்தில் நூறு தடவைக்கு மேல் அடித்தது. வண்ணத்துப்பூச்சி மீன் கல்லில் உடம்பை உரசிக்கொண்டு திரிந்தது. குளோன் சோடியில் ஆளுக்கு நாலைந்து புள்ளிதான். சாப்பாடு போட்டதும் ஓடி வந்தன.

கடல்மீன் வளர்ப்பவர் அஞ்சும் ஒட்டுண்ணிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகாரியோன் இரிற்றான்ஸ். 1937இல் ஜப்பானில் சிக்காமா இதைப் பற்றி எழுதினார். இன்றுள்ள பெயர் 1951இல் பிரவுன் வைத்தது. மற்றது அமைலோடினியம், வெல்வெற் நோயைத் தருவது. இரண்டிலும் மீன் மூச்சு வாங்கும், உரசும், செட்டையை மடக்கும். ஆனால் வெல்வெற்றில் புள்ளிகளை எண்ண முடியாது. மெல்லிய மாத்தூள் படிந்ததுபோல, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மங்கிய பொன்னிறமாகத் தெரியும். அது இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலியாக்கிவிடும். இங்கே புள்ளிகளை எண்ணலாம், ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர் வரை இருந்தது, முதற்புள்ளி கண்டு பதினொரு நாள் ஆகியும் பெரும்பாலான மீன் உயிரோடு இருந்தது. வெள்ளைப்புள்ளி என்றே பட்டது.

பட்டது போதாது. இரண்டுக்கும் மருத்துவம் வேறு. உவர்ப்பைக் குறைத்தால் வெள்ளைப்புள்ளி சாகும், வெல்வெற் சாகாது. விலங்கியல் படிப்பிக்கும் ஒரு நண்பரைக் கூப்பிட்டேன். பொங்கல் வேலைக்கு நடுவிலும் நுணுக்குக்காட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்ணத்துப்பூச்சி மீனை ஈரத்துணியில் பிடித்து, விலாவில் மூடித்துண்டின் விளிம்பால் தலையிலிருந்து வால் பக்கமாக ஒருமுறை மெல்ல வழித்தோம். அந்தச் சளியைக் கடல்நீர்த் துளியில் வைத்துப் பார்த்தபோது, கருமையான உருண்டை ஒன்று மெதுவாகத் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்கப் பிசிர். உள்ளே கருவானது நான்கு மணி கோத்ததுபோல. நன்னீர் வெள்ளைப்புள்ளியில் கரு குதிரை லாட வடிவில் இருக்கும், கடல்நீருக்குரியதில் இப்படி நான்கு பிரிவாக இருக்கும். வெல்வெற் உயிரியோ மீனில் வேரூன்றி அசையாமல் நிற்கும், சுழலாது. சந்தேகம் தீர்ந்தது.

புள்ளி போன இடம்

8ஆம் நாள் அண்ணை கண்ட “சுகம்” என்ன என்பதை அன்று மேசையில் ஒரு கடதாசியில் வரைந்து காட்டினேன். வீட்டில் எல்லாரும் கூடி நின்று பார்த்தார்கள்.

நாம் வெள்ளைப் புள்ளியாகக் காண்பது, மீனின் தோலுக்குள்ளும் செவுள் பூவுக்குள்ளும் புகுந்து தின்று கொழுக்கும் பருவம். 3 முதல் 7 நாள் வரை அங்கே இருக்கும். தோலின் மேற்படைக்கு உள்ளே இருப்பதால் எந்த மருந்தும் அதை எளிதில் தொடாது. கொழுத்ததும் பெரும்பாலும் இருட்டில் மீனை விட்டுக் கழன்று, கொஞ்ச நேரம் அடியில் ஊர்ந்து, மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டி, ஓடு கட்டிக்கொள்ளும். மீன் அப்போது சுத்தமாகத் தெரியும். ஓட்டுக்குள்ளே அது பிரிந்து பிரிந்து இருநூறு வரை குஞ்சு ஆகும். விரைவில் வெடிப்பது 3 நாளில். பெரும்பாலானவை முதல் நான்கு வாரத்துக்குள் வெடிக்கும். பிந்தி வெடிப்பவை 72 நாள் வரை காத்திருந்ததை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். வெளிவந்த குஞ்சு ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும். முதல் சில மணித்தியாலங்களில்தான் அதற்கு முழுப் பலம்.

ஆகவே 8ஆம் நாள் புள்ளி மீனிலிருந்து மணலுக்குப் போயிருந்தது. உள்ளி கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் அன்று புள்ளி மறைந்திருக்கும். அந்த ஒரு வாரத்தில் மணலில் இருபது ஓடு இருந்தது என்றே வைத்தாலும் வெளிவரும் குஞ்சு நாலாயிரம்.

“அப்ப மீனுக்கு மருந்து குடுத்துப் பிரயோசனமில்லையோ?” என்று அண்ணையின் மகள் கேட்டாள். சரியான கேள்வி. மீனை மட்டும் பார்த்தால் இந்த நோய் தீராது. தொட்டியையும் நாட்காட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குளோன் சோடியில் ஏன் புள்ளி குறைவு என்பதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். முன்பு இந்த ஒட்டுண்ணியைச் சந்தித்துத் தப்பிய மீனுக்குச் சில மாதம் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். அப்படிப்பட்ட மீன் புள்ளி காட்டாமலே ஒட்டுண்ணியைச் சுமக்கவும் கூடும். புள்ளி இல்லாத மீனை நோயில்லாத மீன் என்று தொட்டியிலேயே விட்டுவிட முடியாது. மீன் என்று இருந்த அத்தனையும் வெளியே வர வேண்டும்.

துருசுப் போத்தல்

அண்ணையின் தம்பிக்கு முந்திரிகை (திராட்சை)த் தோட்டம் இருக்கிறது. சுண்ணாம்போடு கலந்து கொடிக்கு அடிக்கத் துருசு (செப்புச் சல்பேற்று) வைத்திருப்பார். “செப்புத்தானே மருந்து? ஒரு கரண்டி போட்டால் என்ன?” என்று போத்தலோடு வந்துவிட்டார். செப்பு நல்ல மருந்து என்பது உண்மை. நீந்தித் திரியும் குஞ்சுகளைக் கொல்லும். ஆனால் கணக்கைப் பாருங்கோ என்று சொன்னேன். வேறு பொருளோடு கட்டுப்படாத செப்பு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் சாகும். 400 லீற்றருக்கு 0.20 வீதம் 80 மில்லிகிராம் செப்பு. துருசில் காற்பங்குதான் செப்பு, ஆக ஏறத்தாழ 315 மில்லிகிராம் துருசு, ஒரு கிராமில் மூன்றில் ஒன்று. தேக்கரண்டி ஒன்றில் 5 கிராம் என்றால் அது பதினாறு மடங்கு. அதோடு, சுண்ணாம்புக் கல்லும் பவள மணலும் செப்பை உறிஞ்சி வைத்துப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். தண்ணீரில் எவ்வளவு நிற்கிறது என்று நாளுக்கு நாள் அளக்காமல் செப்புப் போடக்கூடாது. நம்பத்தக்க சோதனைப் பெட்டி எங்களிடம் இல்லை. இறாலும் நண்டும் பவளமும் உள்ள தொட்டியில் செப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. போத்தல் தோட்டத்துக்குத் திரும்பிப் போனது.

மலேரியாக் குளிசையான குளோரோகுயினும் இதற்குக் கேட்கும். ஆனால் வீட்டுக்கு வீடு அந்தக் குளிசை இருந்த காலம் போய்விட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நல்ல செய்தி அது, மீனுக்காக வருந்த முடியாது.

உவர்ப்பைக் குறைப்பதைப் பற்றி நீண்ட நேரம் யோசித்தேன். சாரடர்த்தியை 1.009 அளவில் மூன்று நான்கு வாரம் வைத்திருந்தால் வெள்ளைப்புள்ளி தாங்காது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவதால் காரத்தன்மை நிறைய உண்டு, பீ.எச். சட்டென்று விழாது. ஆனால் தோட்டப் பசளையின் நைத்திரேற்றும் அதே கிணற்றில் இருக்கிறது. அகன்ற பாத்திரத்தில் நீர் ஆவியாக ஆவியாக உவர்ப்பு ஏறும், ஒரு நாள் கவனம் தவறினாலும் எண்ணிக்கை குழம்பும். குறைந்த உவர்ப்பையும் தாங்கும் ஒட்டுண்ணி வகைகள் பற்றிய பதிவுகளும் உண்டு.

எங்களிடம் தாராளமாக இருப்பது கடல். அதனால் தொட்டி மாற்றும் முறையைத் தெரிந்தெடுத்தேன். மருந்து இல்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை, 72 மணித்தியாலம் முடியுமுன், மீனை முற்றிலும் புதிய நீருள்ள புதிய பாத்திரத்துக்கு மாற்றுவது. கழன்று விழுந்த ஓடு எதுவும் 3 நாளுக்குள் வெடிக்காது. அது வெடிக்கும்போது மீன் அங்கே இராது. மீனில் உள்ளது எதுவும் 7 நாளுக்கு மேல் ஒட்டியிராது. 1, 4, 7, 10, 13 என்று நாட்கள் போனால், பாதுகாப்புக்கு மிச்சம் வைத்தே மீன் சுத்தமாகிவிடும். மருந்தும் சோதனைப் பெட்டியும் கிடைக்காத ஊரில், கடல் அரை மணித்தியாலத் தூரத்தில் உள்ள ஊரில், இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர்

எந்தக் கடல் என்பது பெரிய விஷயம். குருநகர், பாசையூர்ப் பக்கம் ஏரி, நகரத்து வாய்க்கால் எல்லாம் அதற்குள்தான் விழுகிறது. கீரிமலையில் கேணிக்குக் கிட்ட அள்ளினால் நன்னீர் ஊற்று கடலோடு கலந்திருக்கும். தொண்டைமானாறு கதவு திறந்திருக்கும் மாரியில் அந்த முகத்துவாரத்தில் அள்ளவே கூடாது. அண்ணை மார்கழியில் கரையோரமாக அள்ளித் தொட்டிக்கு விட்ட தண்ணீரை, மிச்சமிருந்த கானில் அளந்து பார்த்தேன். ஆயிரத்துக்கு 27. தொட்டி 35இல் இருந்தது. ஒட்டுண்ணி அந்தத் தண்ணீரோடு வரவில்லை, புது மீனோடுதான் வந்தது. ஆனால் இந்த உவர்ப்பு மாற்றமும் மார்கழி இரவுக் குளிரும் மீன்களைத் தளர்த்தியிருக்கும்.

மயிலிட்டியில் ஒரு மீனவ அண்ணையிடம் சொல்லி, கரையை விட்டு வெளியே போகும் படகில் 20 லீற்றர் கான்களைக் கொடுத்து நிரப்பினோம். ஓட்டோ ஒன்றில் எட்டுக் கான். மொத்தம் ஐந்து நடை. அந்த வாரத்தில் வெளிக்கடலும் 30தான் காட்டியது. மழைக்காலத்தில் வங்காள விரிகுடாவின் உவர்ப்புக் குறைந்த நீர் பாக்கு நீரிணைக்குள் வரும். ஆனையிறவு உப்பைப் போட்டு 35 ஆக்கலாமே என்று ஒருவர் சொன்னார். கறியுப்பில் சோடியம் குளோரைட்டுத்தான் மிகுதி, மக்னீசியமும் பொற்றாசியமும் உப்பளத்துக் கடைநீரோடு போய்விடும். வேண்டாம், 30 மீனுக்குப் போதும் என்று விட்டேன்.

கடல்நீரிலேயே ஒட்டுண்ணி இருக்கலாம் என்பதால், துணியில் வடித்து, லீற்றருக்கு 10 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும்படி கிணற்றுக்குப் போடும் அதே புளீச்சிங் பவுடரைக் கரைத்து, ஒரு நாள் மூடி வைத்து, சோடியம் தயோசல்பேற்றால் முறித்தோம். குளோரின் இல்லை என்று சோதனைத் துளி விட்டு உறுதி செய்த பிறகே மீன். என் வீட்டில் இப்படிச் சுத்திகரித்த நீர் 100 லீற்றர் எப்போதும் இருக்கும், அதனால் முதல் மாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

மாற்றம்

பொங்கற் பானை இறக்கின கையோடு தொடங்கினோம். இனி எண்ணுவது அந்த நாளை 1 என்று வைத்து. பின்விறாந்தையில், பெரிய தொட்டியிலிருந்து எட்டத்தில், 100 லீற்றர்ப் பிளாஸ்ரிக் தொட்டிகள் இரண்டு. ஒன்றில் 80 லீற்றர் நீர், ஒரு காற்றுப் பம், ஒரு ஹீற்றர், ஒளிவதற்கு பீ.வீ.சீ. குழாய்த் துண்டுகள். மணலோ கல்லோ இல்லை. மீன் ஏழு. 35இலிருந்து 30க்கு ஒரு மணித்தியாலம் சொட்டுச் சொட்டாகப் பழக்கி விட்டோம்.

இரண்டாம் நாள் விடிய பவுடர் புளூ செத்துக் கிடந்தது. வெளியில் இருபது முப்பது புள்ளிதான் இருந்தது. செவுள் மூடியை வெட்டித் திறந்தபோதுதான் விளங்கியது. சந்தையில் மீன் வாங்கும்போது பூ சிவப்பாய் இருக்கிறதா என்று எல்லாரும் தூக்கிப் பார்ப்போமே, இதன் பூ வெளிறி, சளி கட்டி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஓர் இழையை நுணுக்குக்காட்டியில் வைத்தால் உருண்டைகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. உயிரை எடுத்தது பூவில் இருந்தது. தோலில் புள்ளி எத்தனை என்று எண்ணி நோயின் கடுமையை மதிப்பிடுவது எவ்வளவு தவறு என்று அன்று என் கண்ணாலேயே கண்டேன். மூச்சை எண்ண வேண்டும்.

4ஆம் நாளும் 7ஆம் நாளும் ஒழுங்காக நடந்தன. மாற்றும்போது பழைய நீர் ஒரு கோப்பைகூடப் போகக்கூடாது. பழைய தொட்டி, பம் குழாய், ஹீற்றர், பீ.வீ.சீ. எல்லாவற்றையும் நன்னீரில் கழுவி, வெயிலில் சுள்ளென்று காயப்போட்டோம். மழை பெய்த நாளில் குளோரின் நீரில் ஊறவைத்தோம். கழிவை உடைக்கும் வடிகட்டிப் பற்றீரியா இல்லாத தொட்டி என்பதால் அமோனியா ஏறும். அதற்காகக் காலையில் மட்டும் கொஞ்ச இறால் சதை, மிஞ்சியதை உடனே அள்ளுவது. ஒரு இரவு கரண்ட் நாலு மணித்தியாலம் நின்றது, பற்றரியில் ஓடும் காற்றுப் பம் காப்பாற்றியது.

8ஆம் நாள் பெரிய தொட்டியில் செத்த நத்தை ஒன்றை அண்ணை கைவலையால் அள்ளினார். அதே ஈரவலையால் பின்விறாந்தைத் தொட்டியில் மிஞ்சிய சாப்பாட்டையும் அள்ளிவிட்டார். அன்று யாருக்கும் அது படவில்லை. 11ஆம் நாள் காலை வண்ணத்துப்பூச்சி மீனின் வால் செட்டையில் மூன்று புள்ளி.

அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். “இன்னும் ரெண்டு நாள்தானே தம்பி, முடிச்சுப்போட்டு பாப்பமே” என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த மூன்று புள்ளி 13ஆம் நாளைக்குப் பிறகும் கழன்று விழக்கூடும், அப்போது விழும் இடம், சுற்று முடிந்ததும் மீனை விடவிருந்த அவதானிப்புத் தொட்டி. அன்றே புதுத் தொட்டிக்கு மாற்றி, அந்த நாளை மறுபடி 1 என்று எழுதினோம். மகள் சமையலறை நாட்காட்டியில் சிவப்புப் பேனையால் 1, 4, 7, 10, 13 என்று வட்டம் போட்டாள். கைவலைகள் இரண்டுக்கும் வெவ்வேறு நிறத் துணி கட்டினாள். அந்தத் துணி பொங்கலன்றே கட்டியிருக்க வேண்டியது.

இரண்டாம் சுற்று பிழையில்லாமல் முடிந்தது. மூச்சு ஒரு வாரத்தில் சீரானது. ஒரு டாம்செல்லின் வால் ஓரம் அரித்திருந்தது, நீர் சுத்தமாக இருந்ததால் மருந்தில்லாமலே வளர்ந்துவிட்டது. ஆறு மீனும் 150 லீற்றர் அவதானிப்புத் தொட்டிக்குப் போயின. அதற்கு என் வீட்டு நோயற்ற தொட்டியில் பற்றீரியா ஊறிய பஞ்சு வடிகட்டியைக் கொண்டுவந்து பொருத்தினேன்.

வெறுந்தொட்டி

பெரிய தொட்டி மீனில்லாமல் 76 நாள் நின்றது. 72க்கு மேல் நாலு நாள் கூட்டியது குஞ்சுகள் பசியில் சாவதற்கான நேரம். இறாலும் நண்டும் பவளமும் அங்கேயே இருந்தன. முதுகெலும்பில்லாத உயிர்களில் இந்த ஒட்டுண்ணி வாழாது. வெப்பம் 27 பாகையில். பற்றீரியா பட்டினி கிடக்காமல் வாரத்துக்கு ஒரு துண்டு இறால். மீனின் உடம்பைச் சுத்தம் செய்யும் கிளீனர் இறால்கள் இருந்தும் ஏன் நோய் வந்தது என்று பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். தோலுக்குள் புதைந்ததை அவை கிண்டி எடுக்கமாட்டா.

மீனில்லாத தொட்டிக்கு முன்னால் இரண்டரை மாதம் இருப்பது இலேசான காரியமில்லை. மாசியில் ஒருநாள், ஒரேயொரு டாம்செல்லை விட்டுப் பார்ப்போமா என்று அண்ணை கேட்டார். விட்டால் எண்ணிக்கை அன்றே 1. விடவில்லை. அதற்காக நான் அவரை மதிக்கிறேன்.

பங்குனி (மார்ச்) முடிந்த கையோடு, வருஷப்பிறப்புக்கு இரண்டு கிழமை முந்தி, உவர்ப்பைச் சரிசெய்து ஆறு மீனையும் திருப்பி விட்டோம். குளோன் சோடி நேரே பழைய மூலைக்குப் போய் மென்பவளத்துக்குள் புகுந்தன. அதன்பிறகு 40 நாள் ஒவ்வொரு காலையும், வெளிச்சம் போட்டவுடன், சாப்பாட்டுக்கு முன், ஒவ்வொரு மீனிலும் புள்ளி பார்த்து மூச்சு எண்ணி எழுதினோம். புள்ளி இல்லை. மூச்சு நிமிடத்துக்கு எழுபது எண்பது.

ஆனியில் இன்னொரு பவுடர் புளூ இரவு பஸ்ஸில் வந்தது. இப்போது அது பின்விறாந்தையில், பச்சைத் துணி கட்டிய வலைக்குப் பக்கத்துத் தொட்டியில் இருக்கிறது. நாட்காட்டியில் நாளைக்கு 7.